செங்குத்துச் சூரியக் கடிகாரம்: நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற வடிவமைப்பு

சூரியக் கடிகாரம் என்றதும் பலர் மனத்தில் தோன்றுவது, தோட்டத்துப் பீடம் ஒன்றில் படுத்திருக்கும் வட்டத் தகடும் அதன்மேல் நிற்கும் முக்கோண முள்ளும்தான். அந்த வடிவம் லண்டனிலும் பாரிசிலும் நன்றாக வேலை செய்யும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு அது அவ்வளவு தோதானதன்று. மதுரையின் அட்சக்கோடு ஏறத்தாழ 9.93 டிகிரி வடக்கு. அங்கே படுக்கைத் தகட்டில் மணிக்கோடுகளை வரைந்தால், 11 மணிக் கோட்டுக்கும் 12 மணிக் கோட்டுக்கும் இடையே 2.6 டிகிரி இடைவெளிதான் கிடைக்கும். மாலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையிலோ 57 டிகிரி காலியாக விரிந்து கிடக்கும். உச்சி வெயிலை ஒட்டிய மணிகளை அதில் பிரித்துப் படிக்கவே முடியாது. அதே ஊரில் தகட்டை நிமிர்த்திச் செங்குத்தாக நிறுத்திவிட்டால், எல்லா மணிக்கோடுகளும் ஏறத்தாழ 15 டிகிரிக்கு ஒன்றாகச் சீராக அமைந்துவிடுகின்றன. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் சூரியக் கடிகாரம் அமைக்க விரும்புவோர் செங்குத்து வடிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆண்டின் ஒரு பகுதியில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால், தெற்குப் பார்த்த சுவர் ஒன்று மட்டும் போதாது. குளிர் நாட்டு வாசகர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் தெற்குச் சுவரோடு நிறுத்திக்கொள்வதால், அவற்றை அப்படியே பின்பற்றுகிறவர்களின் கடிகாரம் சித்திரை பிறந்ததும் நின்றுவிடுகிறது. இந்தக் கட்டுரையில் மதுரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரே கற்பலகையின் தெற்கு முகத்திலும் வடக்கு முகத்திலும் மணி காட்டும் கடிகாரத்தை அமைக்கும் முறையை விளக்குகிறேன். வேறு ஊர்களுக்கு எந்த எண்களை மாற்ற வேண்டும் என்பதையும் ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

கம்பி ஏன் சாய்ந்திருக்க வேண்டும்

பூமி தன் அச்சில் 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவதால், வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி வீதம் நகர்வதாக நமக்குத் தெரிகிறது. நிழல் விழுத்தும் கம்பியைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்திவிட்டால், கம்பியும் சூரியனும் சேர்ந்து அமைக்கும் தளம் அந்தக் கம்பியையே அச்சாகக் கொண்டு மணிக்கு 15 டிகிரி சுழலும். அந்தத் தளம் பலகையை வெட்டும் இடத்தில் விழும் கோடுதான் நிழல். சூரியன் டிசம்பரில் தெற்கே தாழ்ந்திருந்தாலும், ஜூனில் வடக்கே ஏறியிருந்தாலும், காலை 9 மணிக்குரிய தளம் மாறுவதில்லை. ஆகவே 9 மணி நிழல் ஆண்டு முழுவதும் ஒரே கோட்டில் விழும். நிழலின் நீளம் மட்டுமே பருவத்துக்குப் பருவம் மாறும்.

சுவரில் ஓர் ஆணியை நேராக அடித்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும், ஏனெனில் மதுரையில் சாய்வு வெறும் 10 டிகிரிதான். போதாது. நேராக அடித்த ஆணியின் 9 மணி நிழல் டிசம்பரில் நண்பகல் கோட்டிலிருந்து 48.7 டிகிரியிலும், மார்ச்சிலும் செப்டம்பரிலும் சம இரவு நாளை ஒட்டி 45.4 டிகிரியிலும், ஜூனில் வடக்கு முகத்தில் 42.5 டிகிரியிலும் விழும். ஆறு டிகிரிக்கு மேற்பட்ட இந்த அலைவு ஏறத்தாழ 25 நிமிடத்துக்குச் சமம். இங்கிலாந்தின் பழைய தேவாலயச் சுவர்களில் ஆணி நேராக நிற்கும் கீறல் கடிகாரங்களைக் காணலாம். அவை வழிபாட்டு வேளையைத் தோராயமாகச் சொல்லப் போதுமானவை, மணி பார்க்க உதவாதவை.

பூமியின் அச்சு எந்த ஊரிலும் அந்த ஊரின் அட்சக்கோட்டு அளவுக்கு அடிவானத்திலிருந்து உயர்ந்து வடதுருவத்தை நோக்கும். மதுரையில் வடக்கே 9.93 டிகிரி மேல்நோக்கியும், தெற்கே அதே அளவு கீழ்நோக்கியும் கம்பி சாய்ந்திருக்க வேண்டும். கிழக்கு மேற்காக நிற்கும் பலகையில் ஒரு துளையிட்டு இந்தக் கம்பியைச் செருகினால், தெற்கு முகத்தில் அது சற்றுத் தலைகவிழ்ந்தும் வடக்கு முகத்தில் சற்றுத் தலைநிமிர்ந்தும் நீண்டிருக்கும். இரண்டு முகத்துக்கும் ஒரே கம்பி போதும் என்பதே இந்த வடிவமைப்பின் சிறப்பு.

ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் சவாய் ஜெய்சிங் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த நாடிவலய யந்திரமும் இந்தக் கருத்தைக் கொண்டதுதான். அங்கே வடக்கு நோக்கி ஒன்றும் தெற்கு நோக்கி ஒன்றுமாக இரு வட்ட முகங்கள் உண்டு. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் அரையாண்டில் ஒன்றும், தெற்கே இருக்கும் அரையாண்டில் மற்றொன்றும் நேரம் காட்டும். ஜெய்ப்பூரின் அட்சக்கோடு 27 டிகிரி என்பதால் அந்த முகங்களை அதே அளவுக்குச் சாய்த்துக் கட்டவேண்டியிருந்தது. மதுரையில் அந்தச் சாய்வு 10 டிகிரி மட்டுமே என்பதால், அதைக் கைவிட்டுப் பலகையைச் செங்குத்தாகவே நிறுத்திவிடலாம். அந்த 10 டிகிரியைக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் எந்த முகம்

செப்டம்பர் 23-ஐ ஒட்டிய நாளிலிருந்து மார்ச் 20 வரை சூரியன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் மறைவதால், தெற்கு முகம் காலை முதல் மாலை வரை வெயிலில் இருக்கும். ஏப்ரல் 16 வாக்கில் சூரியன் மதுரைக்கு நேர் மேலே வரும். ஆகஸ்ட் 27 வாக்கில் மறுபடியும் அதே இடத்துக்குத் திரும்பும். நிழலில்லா நாள் என்று அறிவியல் இயக்கத்தினர் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் காட்டுவது இந்த நாட்களைத்தான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களுக்கு மேலான காலத்தில் வடக்கு முகம் நாள் முழுவதும் வெயில் பெறும், தெற்கு முகம் நிழலில் கிடக்கும்.

எஞ்சிய வாரங்களில் இரு முகங்களும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏப்ரல் 3-ஐ ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரி வடக்கே இருக்கும்போது, காலை 8 மணி வரை வடக்கு முகத்திலும், 8 முதல் மாலை 4 வரை தெற்கு முகத்திலும், அதன்பின் மீண்டும் வடக்கு முகத்திலும் நிழல் விழும். செப்டம்பர் 10 வாக்கிலும் இதே கதைதான். வெயில் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குத் தாண்டும் அந்தச் சில நிமிடங்கள் பார்க்கச் சுவையானவை. மணி பார்ப்பதற்கு அவை உகந்தவையல்ல, ஏனெனில் ஒளி பலகையை உரசிக்கொண்டு போகும். நிழலில்லா நாட்களின் நண்பகலிலும் இதே நிலைதான்.

சென்னைக்கு (13.1 டிகிரி) நிழலில்லா நாட்கள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வருவதால், அங்கே தெற்கு முகத்தின் பங்கு சற்றுக் கூடும்.

திசை காணுதல்

வடிவமைப்பு முழுவதும் பலகை சரியாகக் கிழக்கு மேற்காக நிற்பதையே நம்பியிருக்கிறது. தமிழ்நாட்டில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகும் அளவு ஒன்றிரண்டு டிகிரிதான் என்றாலும், மொட்டை மாடித் தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் ஊசியை எவ்வளவு இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைப்பேசியில் உள்ள திசைகாட்டிக்கும் இதே நோய் உண்டு. ஆகவே ஸ்தபதிகள் கோயில் மனைக்குத் திசை காண்பதற்குச் சங்கு (நிழல் பார்க்க நடும் குச்சி) நட்ட முறையையே நாமும் பின்பற்றுவது நல்லது.

ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்த தரையில், அல்லது ஒரு பெரிய ஒட்டுப்பலகையில், 30 செ.மீ. உயரமுள்ள நேரான குச்சியைத் தூக்குக்குண்டின் துணையோடு செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் அடியை மையமாக வைத்து 25, 30, 35 செ.மீ. ஆரத்தில் வட்டங்கள் வரையுங்கள். டிசம்பர் இறுதியில் மதுரையில் நண்பகல் நிழலே 20 செ.மீ. இருக்கும் என்பதால், அதைவிடச் சிறிய வட்டம் அந்த மாதத்தில் பயன்படாது. காலையில் குச்சி நுனியின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து வட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். பிற்பகலில் நீண்டுகொண்டே போய் அதே வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறியுங்கள். இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். மூன்று வட்டங்களிலும் கிடைக்கும் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குச்சி சாய்ந்திருக்கிறது அல்லது தரை சமமில்லை என்று பொருள். ஜூன், டிசம்பர் மாதங்களின் பிற்பகுதியில் சூரியனின் தென்வடல் நகர்வு மிகக் குறைவாக இருப்பதால், அப்போது எடுக்கும் கோடு மிகவும் நம்பகமானது. மேகம் பிற்பகலைக் கெடுத்துவிட்டால் மறுநாள் காலையிலிருந்து மீண்டும் தொடங்குவதே முறை. நேற்றைய காலைப் புள்ளியோடு இன்றைய மாலைப் புள்ளியை இணைக்க வேண்டாம்.

பலகையும் கோடுகளும்

90 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம், 5 செ.மீ. கனமுள்ள பலகை போதும். பீடத்துக்குள் புதைப்பதற்காக அடியில் 20 செ.மீ. கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கடப்பா கல் எளிதில் கிடைக்கும், ஆனால் அதன் கருமையில் நிழல் தெரியாது. வெளிர் நிறக் கருங்கல்லோ, கான்கிரீட்டில் வார்த்து வெள்ளைச் சிமென்ட் பூசிய பலகையோ நல்லது. பளபளப்பு வேண்டாம். முகம் கண்ணாடி போலச் சமமாக இருக்க வேண்டியது மிக முக்கியம்: சம இரவு நாட்களை ஒட்டி நண்பகல் சூரியன் 80 டிகிரி உயரத்தில் நிற்கும்போது, பூச்சில் உள்ள 1 மி.மீ. மேடுகூட 5.7 மி.மீ. நீள நிழலை விழுத்தும். கொத்தனார் மட்டப்பலகையால் இழுத்துவிட்ட பின்பும், மாலை வெயிலில் பலகையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்து மேடுகளைத் தேய்த்துவிடுங்கள்.

இனி மணிக்கோடுகளின் கணக்கு. நண்பகலிலிருந்து எத்தனை மணி நேரம் தள்ளியிருக்கிறதோ அதை 15-ஆல் பெருக்கினால் மணிக்கோணம் கிடைக்கும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்டை அட்சக்கோட்டின் கொசைனால் பெருக்குங்கள். வரும் எண் எந்தக் கோணத்துக்கு டேன்ஜென்ட் ஆகிறதோ, அதுவே நண்பகல் கோட்டிலிருந்து அந்த மணிக்கோடு விலக வேண்டிய கோணம். மதுரைக்குக் கொசைன் மதிப்பு 0.985. எனவே 11 மணிக்கும் 1 மணிக்கும் 14.8 டிகிரி, 10-க்கும் 2-க்கும் 29.6, 9-க்கும் 3-க்கும் 44.6, 8-க்கும் 4-க்கும் 59.6, 7-க்கும் 5-க்கும் 74.8, காலை மாலை 6 மணிக்குச் சரியாக 90 டிகிரி என வருகின்றன. லண்டனில் (51.5 டிகிரி) இதே கணக்கு 9.5, 19.8, 31.9, 47.2, 66.7 என்று தாறுமாறான இடைவெளிகளைத் தரும். அலங்காரப் பொருளாக விற்கப்படும் வெளிநாட்டு வார்ப்புத் தகடுகளை வாங்கி நம் சுவரில் மாட்டினால் அவை ஏன் பொய் சொல்கின்றன என்பது இந்த எண்களிலிருந்தே விளங்கும். நம் ஊரிலோ, கணக்கே போடாமல் 15, 30, 45 என்று பாகைமானியில் குறித்தால்கூடப் பிழை 2 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். கணக்குப் போடுவது கடினமில்லை என்பதால் நான் அந்தக் குறுக்குவழியைப் பரிந்துரைக்கவில்லை.

பெரிய பலகையில் பாகைமானியால் குறிப்பதைவிட அளவுநாடாவால் குறிப்பது துல்லியமானது. கம்பி வெளிவரும் துளையின் மையத்திலிருந்து தூக்குநூல் விட்டு நண்பகல் கோட்டை வரையுங்கள். அதே மையத்தின் வழியாக ரசமட்டம் வைத்து ஒரு கிடைக்கோடு இழுங்கள். அது காலை 6, மாலை 6 மணிகளுக்குரிய கோடு. மையத்திலிருந்து 40 செ.மீ. கீழே இன்னொரு கிடைக்கோடு வரைந்து, அதில் நண்பகல் கோட்டின் இருபுறமும் 10.6, 22.7, 39.4 செ.மீ. தூரங்களில் புள்ளி வையுங்கள். இவை முறையே 11-1, 10-2, 9-3 மணிகளுக்கானவை. மீதியுள்ள கோடுகள் பலகையின் பக்கவாட்டை நோக்கிப் போவதால், 6 மணிக் கோட்டில் மையத்திலிருந்து இருபுறமும் 40 செ.மீ. தள்ளித் தூக்குநூல் விட்டு, அதில் கீழ்நோக்கி 23.4 செ.மீ. தூரத்தில் 8-4 மணிகளுக்கும், 10.9 செ.மீ. தூரத்தில் 7-5 மணிகளுக்கும் புள்ளி வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் மையத்தோடு இணைத்தால் மணிக்கோடுகள் தயார்.

அரைமணிக் கோடுகள் வேண்டுமானால், கீழ்க்கோட்டில் 5.2, 16.3, 30.2 செ.மீ. தூரங்களிலும், பக்க நூலில் 31.2, 16.8, 5.3 செ.மீ. தூரங்களிலும் குறியுங்கள். 40 செ.மீ. தொலைவில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 10 செ.மீ. அகலம் பிடிப்பதால், ஒரு நிமிடத்துக்கு 1.7 மி.மீ. கிடைக்கிறது, ஐந்து நிமிடக் கோடுகள்வரை போவதில் பொருள் உண்டு, அதற்கு மேல் இல்லை. மரபு அளவில் ஆர்வமுள்ளவர்கள் மணிக்கோணத்தை 6 டிகிரியாகப் பிரித்து நாழிகைக் கோடுகள் வரையலாம். ஆனால் பஞ்சாங்க நாழிகை சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவது. இந்தப் பலகையில் அது காலை 6 மணியிலிருந்து எண்ணப்படும். இரண்டுக்கும் பருவத்துக்கேற்ப 20 நிமிடம்வரை வேறுபாடு வரும்.

இரண்டு முகங்களிலும் கோடுகளின் அளவுகள் ஒன்றே, ஆனால் எண்களின் வரிசை தலைகீழ். காலையில் சூரியன் கிழக்கில் இருப்பதால் நிழல் மேற்கே விழும். தெற்கு முகத்தைப் பார்த்து நிற்பவருக்கு மேற்கு இடக்கைப் பக்கம். அங்கே காலை மணிகள் இடப்புறம் வரும், நிழல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகரும். வடக்கு முகத்தைப் பார்ப்பவருக்கு மேற்கு வலக்கைப் பக்கம்; அங்கே காலை மணிகள் வலப்புறம், நிழலும் கடிகார முள்ளின் திசையிலேயே நகரும். கல்தச்சரிடம் கொடுக்கும் படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் எண்களைத் தனித்தனியே எழுதிக் கொடுப்பது அவசியம். ஒரே படத்தைக் கொடுத்து இரண்டு பக்கமும் வெட்டச் சொன்னால் ஒரு முகம் பாழாகிவிடும். ஜூன் மாதத்தில் சூரிய நேரப்படி 6 மணிக்குச் சுமார் 17 நிமிடம் முன்பே உதயமாகிவிடுவதால், வடக்கு முகத்தில் மட்டும் காலை 5.45-க்கும் மாலை 6.15-க்கும் உரிய சிறு கோடுகளைக் கிடைக்கோட்டுக்கு மேலே சேர்த்துக்கொள்ளலாம்.

கம்பி

8 மி.மீ. தடிப்புள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோ பித்தளைக் கம்பியோ பயன்படுத்துங்கள். சாதாரண இரும்பு வேண்டாம்; முதல் மழையிலேயே வெள்ளைப் பூச்சில் செந்நிறக் கறை வழியும். இதைவிட மெல்லிய கம்பி காக்கை உட்கார்ந்தே வளைந்துவிடும். நிழலின் தெளிவுக்கும் தடிப்புத் தேவை: சூரியன் ஒரு புள்ளியன்று, அரை டிகிரி அகலமுள்ள வட்டு, ஆகவே கம்பியின் தடிப்பைப்போல் 107 மடங்குக்கு அப்பால் முழு நிழல் மறைந்து மங்கல் மட்டுமே மிஞ்சும். 8 மி.மீ. கம்பிக்கு அந்தத் தூரம் 85 செ.மீ.; நம் பலகைக்கு அது தாராளம். நேரம் பார்க்கும்போது நிழலின் விளிம்பை விட்டுவிட்டு நடுக்கோட்டைப் பார்க்க வேண்டும்.

தெற்கே 25 செ.மீ. நீளம் வெளியே நீண்டிருந்தால், நிழல் மிகக் குறுகிப்போகும் டிசம்பர் நண்பகலிலும் அது 41 செ.மீ.க்கு மேல் விழுந்து எண்களைத் தொடும். வடக்கு முகத்தில் நிழல் எப்போதும் நீளமாகவே விழுவதால் அங்கே 18 செ.மீ. போதும். பலகைக் கனத்தையும் சேர்த்து 48 செ.மீ. நீளக் கம்பி வேண்டும்.

துளையிடுவதுதான் இந்த வேலையில் மிகவும் கவனம் தேவைப்படும் இடம். 5 செ.மீ. கனத்தைக் கடக்கும்போது கம்பி 9 மி.மீ. இறங்க வேண்டும். அதனால் வடக்கு முகத்தில் பலகையின் மேல் விளிம்பிலிருந்து 12 செ.மீ. கீழே துளையின் மையம் வந்தால், தெற்கு முகத்தில் அது 12.9 செ.மீ. கீழே வர வேண்டும். பக்கவாட்டில் அணுவளவும் விலகக் கூடாது. கான்கிரீட்டில் வார்ப்பதானால், வார்க்கும்போதே சாய்வாக ஒரு சிறு குழாயைப் பதித்துவிட்டால் துளைபோடும் தொல்லை இல்லை. கம்பியைச் சற்றுத் தளர்வான துளையில் செருகி, இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். மேலிருந்து பார்க்கையில் மூலைமட்டம் கம்பிக்கும் பலகைக்கும் இடையே சரியாகப் பொருந்த வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கையில், தெற்கு முகத்திலிருந்து கிடையாக 24 செ.மீ. தள்ளியுள்ள இடத்தில் கம்பி துளை மட்டத்துக்கு 4.2 செ.மீ. கீழே இருக்க வேண்டும். இதை அட்டையில் வெட்டிய ஒரு செங்கோண முக்கோணத்தால் எளிதில் சோதிக்கலாம். எல்லாம் பொருந்திய பிறகே எம்சீல் போன்ற பசையால் இறுக்குங்கள். பீடத்தோடு சேர்ந்து கம்பி கண் மட்டத்தில் வரக்கூடும் என்பதால், இரு முனைகளையும் உருட்டிவிடுவதோ குமிழ் பொருத்துவதோ கட்டாயம்.

வேறு ஊர்களுக்குச் சாய்வையும் கொசைனையும் மட்டும் மாற்றினால் போதும்: கன்னியாகுமரி 8.1, யாழ்ப்பாணம் 9.7, திருச்சியும் தஞ்சாவூரும் 10.8, கோயம்புத்தூர் 11.0, சென்னை 13.1 டிகிரி. இரவில் கம்பியின் தென்முனையிலிருந்து அதன் நீளவாக்கில் வடக்கே பார்த்தால் துருவ நட்சத்திரம் முக்கால் டிகிரிக்குள் தெரிய வேண்டும். ஆனால் நம் ஊர்களில் அது அடிவானத்தை ஒட்டியே இருப்பதால், கட்டடங்களும் புழுதியும் இல்லாத இரவில்தான் இந்தச் சோதனைக்கு வாய்ப்பு.

கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுதல்

எல்லாவற்றையும் பிழையின்றி அமைத்த பிறகும் பலகையும் கைக்கடிகாரமும் ஒத்துப்போகாது. இது பலகையின் குற்றமன்று. இந்தியாவின் பொது நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது. மதுரை 78.12 டிகிரியில் இருப்பதால், ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் அங்கே சூரியன் பதினேழரை நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. திருச்சிக்கு இது 15 நிமிடம், கோயம்புத்தூருக்கு 22, சென்னைக்கு 9. இலங்கையும் அதே பொது நேரத்தைப் பின்பற்றுவதால் யாழ்ப்பாணத்துக்கு 10.

இதன்மேல் இன்னொரு வேறுபாடும் சேர்கிறது. பூமியின் பாதை நீள்வட்டம் என்பதாலும், அதன் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதாலும், ஓர் உச்சியிலிருந்து மறு உச்சி வரையிலான இடைவெளி எல்லா நாளும் சரியாக 24 மணி நேரமாக இருப்பதில்லை. சில விநாடிகளாகத் தொடங்கும் இந்த வேறுபாடு நாள்தோறும் சேர்ந்து, பிப்ரவரி 11 வாக்கில் சூரியக் கடிகாரத்தை 14 நிமிடம் பின்தங்க வைக்கிறது. நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடத்துக்கு மேல் முந்த வைக்கிறது. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி அது பூச்சியமாகிறது.

இரண்டையும் கூட்டினால் மதுரைப் பலகை காட்டும் நேரத்தோடு சேர்க்க வேண்டிய நிமிடங்கள் கிடைக்கும்: ஜனவரி தொடக்கத்தில் 21, பிப்ரவரி நடுவில் 32, மார்ச் 21-இல் 25, ஏப்ரல் நடுவில் பதினேழரை, மே நடுவில் 14, ஜூன் நடுவில் மறுபடியும் பதினேழரை, ஜூலை இறுதியில் 24, செப்டம்பர் தொடக்கத்தில் பதினேழரை, நவம்பர் தொடக்கத்தில் வெறும் 1, டிசம்பர் 25-இல் பதினேழரை. பலகை சரியாக அமைந்திருக்கிறதா என்று சோதிக்க டிசம்பர் 25 வசதியான நாள்: அன்று கைக்கடிகாரத்தில் 12 மணி 17 நிமிடம் தாண்டும்போது நிழல் நண்பகல் கோட்டின்மேல் நிற்க வேண்டும். நண்பகலில் சரியாக இருந்து, காலையிலும் மாலையிலும் எதிரெதிர்த் திசைகளில் பிசகினால் கம்பியின் சாய்வைச் சந்தேகியுங்கள். நண்பகலிலேயே பிசகினால் பலகையின் செங்குத்தையும் திசையையும் பாருங்கள்.

பதினேழரை நிமிடத்தைக் கோடுகளிலேயே ஏற்றிவிடவும் முடியும். அப்போது எல்லா மணிக்கோணங்களிலும் 4.38 டிகிரியைக் கழித்துக் கணக்கிட வேண்டும். தெற்கு முகத்தில் 12 மணிக் கோடு தூக்குநூலுக்கு 4.3 டிகிரி இடப்புறம் விலகும். இப்படிச் செய்வோர் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை: நூல் பிடித்தாற்போல் நிற்கும் நண்பகல் கோடுதான் பலகையைச் சோதிக்க எளிய வழி, இரு முகங்களின் அளவுகள் ஒன்றாக இருக்கும் வசதியும் போய்விடும். திருத்தப் பட்டியலைப் பீடத்தில் பொறித்துவிட்டால் வேலை முடிந்தது.

இருக்கும் சுவரில் அமைப்பதானால்

தனிப் பலகைக்கு இடமில்லாதவர்களின் வீட்டுச் சுவர் சரியாகத் தெற்குப் பார்த்திருப்பது அரிது. சுவர் எந்தத் திசையில் இருந்தாலும் கடிகாரம் அமைக்கலாம் என்பதற்கு ஏதென்ஸில் உள்ள காற்றுக் கோபுரமே சான்று. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் ஆன்ட்ரோனிகஸ் எழுப்பிய அந்த எண்கோணப் பளிங்குக் கட்டடத்தின் எட்டுச் சுவர்களிலும் செங்குத்துச் சூரியக் கடிகாரங்கள் கீறப்பட்டுள்ளன.

தெற்கிலிருந்து கிழக்கே திரும்பிய சுவருக்குக் கணக்கு இது: மணிக்கோணத்தின் கோடேன்ஜென்ட்டைத் திருப்பக் கோணத்தின் கொசைனால் பெருக்கி, அதிலிருந்து அட்சக்கோட்டின் சைனையும் திருப்பக் கோணத்தின் சைனையும் பெருக்கிய எண்ணைக் கழித்து, வரும் விடையால் அட்சக்கோட்டின் கொசைனை வகுத்தால், மணிக்கோட்டின் டேன்ஜென்ட் கிடைக்கும். காலை மணிகளுக்கு மணிக்கோணத்தைக் கழித்தல் குறியோடு எடுக்க வேண்டும். சுவர் மேற்கே திரும்பியிருந்தால் திருப்பக் கோணத்தைக் கழித்தல் குறியோடு எடுக்க வேண்டும். மதுரையில் 10 டிகிரி கிழக்கே திரும்பிய சுவரில் 9 மணிக் கோடு 44.2 டிகிரியிலும், 3 மணிக் கோடு 45.9 டிகிரியிலும் வருகின்றன. நேர்தெற்குச் சுவரின் 44.6-லிருந்து பெரிய மாற்றம் இல்லை. ஆனால் கம்பியின் நிலை வெகுவாக மாறும். அது சுவரின் திருப்பத்தைப் பொருட்படுத்தாமல் உண்மைத் தெற்கையே நோக்க வேண்டும் என்பதால், நண்பகல் கோட்டுக்கு நேர் எதிரே நில்லாமல், அதற்கு இடப்புறம் 45 டிகிரி தள்ளிய கோட்டின்மேல் 76 டிகிரி நிமிர்ந்து நிற்கும். பார்ப்பதற்குப் பிசகாகத் தோன்றினாலும் அதைத் திருத்தப் போகாதீர்கள்.

கிழக்குப் பார்த்த வாசலின் முன்சுவரில் அமைப்பது எல்லாவற்றிலும் எளிது. அங்கே கம்பி சுவருக்கு இணையாக, இரு தாங்கிகளின்மேல், வடக்கு நோக்கி 10 டிகிரி உயர்ந்து நிற்கும். மணிக்கோடுகளும் அதே சாய்வில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். கம்பி சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருந்தால், கம்பிக்கு நேர் பின்னே வருவது 6 மணிக் கோடு. அதிலிருந்து செங்குத்துத் தூரமாகக் கீழ்நோக்கி 2.7, 5.8, 10, 17.3, 37.3 செ.மீ. தள்ளி 7 முதல் 11 மணி வரையிலான கோடுகள் அமையும். 11 மணிக்குமேல் நிழல் சுவரை விட்டு ஓடிவிடும். பிற்பகலுக்கு மேற்குச் சுவரில் இதே அளவுகளை இடம்வலம் மாற்றி வரைந்து, 6 மணிக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி 5, 4, 3, 2, 1 என்று எண்ணிட்டுக்கொள்ள வேண்டும்.